மித்ராவைக் கட்டிப் போட்டவர்கள்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் என் தாடையில் ஓங்கிக் குத்தினார். உடை மாற்றும்போது இது சகஜம். அந்த நேரத்தில் அவருக்கு நான் நர்ஸ் இல்லை, அவர் ஞாபகத்தில் எங்கோ இருக்கும் ஓர் எதிரி. முந்தின வாரம் முழங்கையைக் கடித்ததும் இவர்தான். ஊரில் யாராவது என்னைக் குத்தியிருந்தால் திருப்பி ஒன்று கொடுத்துவிட்டுத்தான் மறுபேச்சு. எனக்குக் கை முந்தும், வாய் பிந்தும். கடலூர் முதுநகரில் என்னோடு படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இங்கே ஜெர்மனியில் அது நடக்காது. "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று ஜெர்மன் மொழியில் சொல்லிக்கொண்டே அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

தாடையில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தபோது மகளின் காப்பகத்திலிருந்து போன் வந்தது. மித்ராவுக்கு இன்னும் இரண்டு மாதத்தில் நாலு வயது. ஆசிரியை நிதானமாகப் பேசினார். எனக்குப் புரிய வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாக வைத்தார். தோட்டத்தில் விளையாடும்போது மித்ரா தன் கழுத்துத் துணியைக் கழற்றி, இரண்டு வயதுப் பையன் ஒருவனை இடுப்பில் சுற்றி, பெஞ்சின் காலோடு கட்டிப் போட்டுவிட்டாள். பையனுக்கு அடி ஒன்றும் இல்லை. அழக்கூட இல்லை. ஆனால் இது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். வியாழக்கிழமை மூன்று மணிக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் வர வேண்டும்.

"அதுவரை மித்ராவை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஒரு வாண்டு இன்னொரு வாண்டைக் கட்டிப் போட்டது, இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றும். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் காதில் நின்றது. அந்த இடம் போனால் இன்னோர் இடம் கிடையாது. அதோடு, அந்த முடிச்சை அவள் எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியும். சிதம்பரத்திலிருந்து அவளைக் கூட்டி வந்து இந்த மாதத்தோடு சரியாக ஒரு வருஷம் ஆகிறது.

2

இந்த நாட்டில் ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் என்பது சட்டப்படி உரிமை. நான் அதை நம்பினேன். மித்ரா வயிற்றில் நாலு மாதமாக இருக்கும்போதே பதினோரு காப்பகங்களில் பதிவு செய்தேன். "உங்கள் விருப்பம் பதிவாகியுள்ளது" என்று பதினோரு பதில் வந்தது. பிள்ளை பிறந்தது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது. விருப்பம் பதிவாகியே இருந்தது.

ஒரு காப்பகத் தலைவியை நேரில் போய்ப் பார்த்தேன். வெறுங்கையோடு போகலாமா? பண்ருட்டியிலிருந்து வந்திருந்த ஒரு கிலோ முந்திரியை அழகாகப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோனேன். அந்த அம்மா பின்னால் நகர்ந்துகொண்டார். கொட்டை வகை எதுவும் இந்தக் கட்டடத்துக்குள் வரக் கூடாதாம், குழந்தைகளுக்கு ஒவ்வாமையாம். அப்புறம் அன்பளிப்பு வாங்குவது தவறு என்று ஒரு தாளை எடுத்துக் காட்டினார். முந்திரியோடு வீட்டுக்கு வந்து நானே உட்கார்ந்து தின்றேன்.

நகராட்சி அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஆசிரியர்கள் எங்களிடம் இல்லை" என்றார். அந்தக் கண்ணாடியைக் கையால் உடைக்க வேண்டும் போல இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

என் வேலையில்தான் எங்கள் இரண்டு பேர் விசாவும் தொங்கிக்கொண்டிருந்தது. கணவர் சரவணன் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் மாற்று ஷிப்டு. என் அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். மாமியாரும் இல்லை. மிஞ்சியது சரவணனின் அக்கா செல்வி. எனக்கு அண்ணி. சிதம்பரத்தில், கிள்ளைக்குப் போகும் சாலைப் பக்கம் வீடு. வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். அவர் கணவர் லாரி ஓட்டுகிறார், பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் பத்து நாள் வீடு தங்க மாட்டார். ஒரே மகன் சென்னையில் ஹாஸ்டலில் இன்ஜினியரிங் படிக்கிறான். நாங்கள் கேட்க வாயெடுப்பதற்குள் அண்ணியே சொல்லிவிட்டார்.

"கொண்டாந்து வுடு கவிதா. ஒரு புள்ளைக்கு நான் சோறு போட மாட்டனா? எடம் கெடைக்கிறப்ப வந்து இட்டுக்கினு போ."

பதினைந்து மாதப் பிள்ளையை அவர் இடுப்பில் ஏற்றிவிட்டு நான் விமானம் ஏறினேன். பால் கட்டி மார்பு கல்லாகி, விமானத்தின் கழிப்பறையில் நின்று பிழிந்து ஊற்றிக்கொண்டே வந்தேன்.

3

பத்து மாதம் கழித்து இரண்டு வாரம் லீவு கிடைத்தது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு நாள் முன்னாலேயே போனேன். திடீரென்று போய் நின்றால் பிள்ளை எப்படிக் குதிக்கும் என்று பார்க்கும் ஆசை.

காலை பதினொரு மணி. வீட்டுக் கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருப்பார், உள்ளே உட்காருவோம் என்று தாழ்ப்பாளை நீக்கினேன். மித்ரா உள்ளேதான் இருந்தாள். தரையில், தையல் மிஷின் காலோடு, இடுப்பில் பழைய நைலக்ஸ் சேலை சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. சுற்றிலும் வெட்டுத்துணிகள். கையில் நூல் தீர்ந்த கட்டை ஒன்று. மூக்கில் ஓர் ஈ.

"மித்ரா" என்று ஓடினேன். அவள் வீறிட்டு அலறினாள். என்னைப் பார்த்துத்தான் அலறினாள். பின்னால் போகப் பார்த்து, சேலை இழுத்து, மல்லாக்க விழுந்தாள்.

மிஷின் மேல் பெரிய கத்தரிக்கோல் இருந்தது. எடுத்துச் சேலையை வெட்டினேன். அவசரத்தில் பிள்ளையின் கவுனும் சேர்ந்து வெட்டுப்பட்டது. அதைப் பார்த்து அவள் இன்னும் அலற, அந்த நேரத்தில் அண்ணி வாசலில் வந்து நின்றார். கையில் பட்டன், ஊக்கு வாங்கிய சின்னப் பை. "ஐய, இன்னைக்கே வந்துட்டியா" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்தது. போய் அறைந்தேன். ஒன்று, இரண்டு. கையில் கத்தரிக்கோல் இருப்பது மூன்றாவது அடியில்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணியின் இடது புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நான் நிறுத்தவில்லை. மயிரைப் பிடித்துச் சுவரில் தள்ளினேன். "நாயாடி அது? நாய கட்டற மாதிரி கட்டிப் போட்டிருக்க?" என்று கத்தினேன். வயதில் பெரியவரை, ஒரு நாளும் நீ என்று சொல்லாதவரை, டி போட்டேன்.

மித்ரா ஓடிவந்தாள். என்னிடம் இல்லை. அண்ணியின் காலைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புடவைக்குள் புதைத்துக்கொண்டாள். அண்ணியின் ரத்தம் அவள் தலையில் சொட்டியது. அண்ணி ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையைப் பிள்ளையின் முதுகில் வைத்தார்.

"கத்திரிய கீழ வை கவிதா. புள்ள பயப்படுது" என்றார்.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கிள்ளையிலிருந்து தினமும் கூடையில் மீன் கொண்டுவரும் அம்மா ஒருத்தி உள்ளே வந்து என் கையைப் பிடித்து முறுக்கிக் கத்தரிக்கோலைப் பிடுங்கினாள்.

"இன்னாம்மா நீ, படிச்ச பொண்ணு! பின்னாடி வாய்க்கா ஓடுறது தெரியுமா உனக்கு? கார்த்திக மாசத்துல தண்ணி தளும்ப ஓடுது, உன் புள்ள தொபுக்குனு வுழுந்துடுச்சி. நான்தாம்மா மசுர புடிச்சி இழுத்தேன். வயித்த அமுக்கித் தண்ணி எடுத்தோம். அதுலேருந்துதான் இந்தப் பொம்பள வெளியில போனா கட்டிட்டுப் போவுது. பத்து நிமிசம்! பட்டன் வாங்க!"

நான் அண்ணியைப் பார்த்தேன். "ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ அங்க வேல பாப்பியா?" என்றார்.

4

அரசு ஆஸ்பத்திரியில் ஆறு தையல் போட்டார்கள். நர்ஸ் என்று சொல்லிக்கொண்டு நானும் பக்கத்தில் நின்று பஞ்சு எடுத்துக் கொடுத்தேன். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். "மிஷின் மேல வுழுந்துட்டேன் டாக்டர்" என்றார் அண்ணி. டாக்டர் காயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். அண்ணி உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அன்று போலீஸ் ஸ்டேஷனில் இருந்திருப்பேன். என் பாஸ்போர்ட், வேலை, எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

திரும்பி ஆட்டோவில் வரும்போது அண்ணி தான் முயன்றதையெல்லாம் சொன்னார். அங்கன்வாடிக்கு இரண்டு தெரு போக வேண்டும். ரெண்டு வயசு முடியட்டும் என்றார்களாம். முடிந்ததும் சேர்த்தார். டீச்சருக்கு வேறு டியூட்டி போட்ட நாட்களில் பூட்டிக் கிடக்கும், அன்றைக்கும் அப்படித்தான். கோயில் வீதிப் பக்கம் இருக்கிற பிளே ஸ்கூலில் ரெண்டரை வயசு ஆக வேண்டும், பாத்ரூம் சொல்லத் தெரிய வேண்டும். "எம் புள்ளயயும் அப்படித்தான் கட்டிப் போட்டு வளத்தேன். இன்ஜினியரிங் படிக்கிறானா இல்லியா?" என்று கட்டுக்குள்ளிருந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் என்னையும் கட்டித்தான் போட்டிருந்தார்கள். அம்மா பண்ருட்டிப் பக்கம் ஒரு கொட்டகையில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போவார். வறுத்த கொட்டையை உடைத்தால் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்ட இடம் வெந்து தோல் உரியும். பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். பக்கத்தில் வேலை செய்தவளின் பிள்ளை தவழ்ந்து போய் ஓடு ஒன்றை எடுத்து வாயில் வைத்துவிட்டது. உதடும் நாக்கும் வெந்து பத்து நாள் பால் குடிக்க முடியாமல் கத்தியதாம். மறுநாளிலிருந்து எல்லாப் பிள்ளைகளையும் கொட்டகைக் கால்களில் வரிசையாகக் கட்டிவிட்டார்கள். அம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நானும் சிரித்திருக்கிறேன். என் அம்மா செய்தால் பாசம், நாத்தனார் செய்தால் கொடுமை என்று என் கைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

இனி எழுதப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு வாரம் முடிந்து நான் கிளம்பினேன். மித்ராவைக் கூட்டிக்கொண்டு இல்லை. பதினோரு காப்பகத்திலும் அப்போதும் இடம் இல்லை. அடித்த கையாலேயே பிள்ளையை மறுபடி அவரிடம் கொடுத்தேன். புருவத்தில் தையல் பிரித்த தழும்பு சிவப்பாக இருந்தது. வண்டி வந்து நின்றதும் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. நான் வெளியில போறப்ப கட்டலாமா, வேணாமா? அப்பறம் வந்து என்னை அடிக்கக் கூடாது."

பின்பக்கம் வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"கட்டுங்க அண்ணி" என்றேன்.

அதற்கப்புறம், ஒரு காப்பகத்தில் இடம் கிடைக்கும்வரை, எட்டு மாதம் மித்ரா அங்கே இருந்தாள்.

5

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் காப்பகத்தில் சின்ன நாற்காலிகளில் உட்கார்ந்தோம். பிள்ளைகளுக்கான நாற்காலிகள், முழங்கால் தாடையை இடித்தது. தலைவியும் குழு ஆசிரியையும் எதிரே. மேசையில் ஒரு படிவம்.

ஆசிரியை தான் பார்த்ததை விவரித்தார். அந்தப் பையன் தோட்டத்துக் கேட் பக்கம் போய்க்கொண்டே இருந்தான். மித்ரா இரண்டு முறை அவனை இழுத்து வந்தாள். மூன்றாவது முறை கட்டினாள். கட்டிய பிறகு, துணிக்கும் அவன் வயிற்றுக்கும் நடுவே தன் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். அப்புறம் அவன் கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துவிட்டு விளையாடப் போனாள்.

"அந்த விரல் விஷயம்தான் எங்களைப் பயமுறுத்துகிறது. இது அவளுக்குப் பலமுறை நடந்திருக்க வேண்டும்" என்றார்.

எனக்கு அது பயமாக இல்லை. அழுகையாக இருந்தது. எங்கள் முதியோர் இல்லத்தில் ஒருவரைப் படுக்கையில் பட்டை போட்டுக் கட்ட வேண்டுமானால் நீதிபதியின் உத்தரவு வேண்டும். அப்படிக் கட்டியபின் இரண்டு விரல் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்குப் பயிற்சி கொடுத்துச் சொல்லித்தந்த அதே காரியத்தை அண்ணி ஒவ்வொரு முறையும் செய்திருக்கிறார். கட்டு இறுகாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையில் நூல்கட்டையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று கத்தரிக்கோலை எடுத்த எனக்கு அந்த முடிச்சைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

இதைச் சொல்லியிருக்கலாம். வாய்க்காலைச் சொல்லியிருக்கலாம். "உங்களிடம் இடம் இருந்திருந்தால் என் பிள்ளையை யாரும் கட்டியிருக்க மாட்டார்கள்" என்று அந்த மேசையில் ஓங்கிக் குத்திச் சொல்லியிருக்கலாம். என் ஜெர்மன் அதற்குப் போதும்.

"யார் செய்தது?" என்று தலைவி கேட்டார். பதில் சரியில்லை என்றால் குழந்தைகள் நல அலுவலகத்துக்கு எழுத வேண்டியிருக்கும், விசாரணை முடியும்வரை மித்ராவின் இடம் நிறுத்தி வைக்கப்படும் என்றார்.

"என் கணவரின் அக்கா. இந்தியாவில்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிந்ததும் என்ன செய்தீர்கள்?"

"உடனே கூட்டிவந்துவிட்டேன்."

சரவணனுக்கு என் அளவுக்கு ஜெர்மன் வராது. ஆனால் 'உடனே' என்ற சொல்லைத் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கேட்கிறவர். மித்ராவைக் கட்டிப் போட்டிருந்ததை அந்த லீவு முடிந்து வந்தபோதே அவரிடம் சொல்லியிருந்தேன், அடித்ததையும் 'கட்டுங்க' என்றதையும்தான் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார். நான் அவரைப் பார்க்கவில்லை.

தலைவி எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "நீங்கள் செய்தது சரி. இது உங்களுக்கும் கஷ்டமாக இருந்திருக்கும்" என்றார். படிவத்தில் அண்ணியின் முழுப்பெயர் கேட்டார்கள். ஆங்கில எழுத்தில் நானே எழுதினேன். மித்ராவை இனி அந்த நபரின் பொறுப்பில் ஒருபோதும் விடமாட்டோம் என்ற வரியின் கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டேன். சரவணன் பேனாவை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். அப்புறம் அவரும் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து மித்ரா வரலாம் என்றார்கள்.

டிராம் நிறுத்தத்தில் சரவணன் வாயைத் திறந்தார். "எட்டு மாசம் உனக்கு ஒடனேயா?"

"வேற என்னா சொல்லச் சொல்ற? எடம் போயிருக்கும்."

"எங்க அக்கா பேர எழுதிக் குடுத்துட்டியே."

"நீயும்தான கையெழுத்து போட்ட?"

அந்த நடுரோட்டில் அவர் கையை ஓங்கினார். ஓங்கிய கையைத் தானே பார்த்துவிட்டு நிறுத்தத்தின் இரும்புத் தூணில் குத்தினார். முட்டி கிழிந்தது. டிராமுக்கு நின்றவர்கள் எல்லாரும் தள்ளிப் போனார்கள். வீட்டில் நான் மருந்து போட வந்தபோது கையைக் கொடுக்கவில்லை.

6

அண்ணியிடம் சரவணன்தான் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மதியம் எனக்குப் போன் வந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"புள்ள எடம் போவலயே?" என்றார் முதலில்.

"போவல அண்ணி."

"சரி." பின்னால் மிஷின் சத்தம் கேட்கவில்லை. "நீ என்னை அடிச்சது வலிக்கல கவிதா. பெத்தவ, பாத்த ஒடனே ரத்தம் கொதிச்சிருக்கும்னு வுட்டுட்டேன். தம்பிகிட்ட கூட மிஷின் மேல வுழுந்தேன்னுதான் சொன்னேன், நேத்திக்கு வரைக்கும். உன்னைக் கேட்டுத்தான கட்டினேன்? கட்டுங்க அண்ணின்னு நீதான சொன்ன?"

"நான்தான் சொன்னேன்."

"அத அவுங்ககிட்ட சொன்னியா?"

"இல்ல அண்ணி."

"எதோ ஒரு நாட்டுல, மொகம் தெரியாதவங்க பைல்ல, செல்வின்னு ஒருத்தி புள்ளய கொடும பண்ணவன்னு இருக்கும்ல? நான் செத்த பெறகும் இருக்கும்ல?" அவர் குரல் அப்போதுதான் உடைந்தது. "நீ கத்திரியாலயே குத்திட்டுப் போயிருக்கலாம். போன வெச்சிடு. இனிமே பண்ணாத."

அதற்கப்புறம் அவர் எடுப்பதில்லை. என் எண்ணையும் எடுப்பதில்லை, சரவணன் எண்ணையும் எடுப்பதில்லை. மூன்று வாரம் ஆகிறது. தலைவியிடம் போய் உண்மையை எழுதிக் கொடுக்கலாம் என்று தினமும் காலை ஏழரைக்கு மித்ராவை விடும்போது நினைக்கிறேன். அவள் செருப்பைக் கழற்றி, தன் பெயர் ஒட்டிய கொக்கியில் பையை மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடுகிறாள். நான் டிராமைப் பிடிக்க ஓடுகிறேன். இன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. நாளைக்குக் கொடுப்பேன் என்றும் சொல்ல முடியவில்லை. எனக்கு அந்த இடம் வேண்டும்.

போன ஞாயிறு மித்ரா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஞாயிறுதோறும் அத்தையோடு பேசுவது அவள் வழக்கம். போட்டுக் கொடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் ஓய்ந்தது.

"அத்தை வேலையா இருப்பாங்கடி" என்றேன்.

போனின் கறுத்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள்: "வேற பாப்பாவக் கட்டி வெச்சிருக்காங்களா?"

"இல்லம்மா."

"நீ பொய் சொல்ற. வேற பாப்பா இருக்கு. அந்த மிஷின் என்னுது!"

அவள் அழுதுகொண்டே இரண்டு கையாலும் என்னை அடித்தாள். முகத்தில், மார்பில், கை பட்ட இடத்திலெல்லாம். அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.